வியன்னாவா, புடாபெஸ்ட்டா

பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் ஆசை காட்டி வேலை வாங்குவதில் கெட்டிக்காரர்கள். முதலில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். கொஞ்சம் கூடுதலாக விற்றால் கோவாவுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் வெயிலில் உட்கார வைப்பார்கள். அதற்கும் மேலே, இத்தனை ஆயிரம் லிட்டர் என்று ஒரு டார்கெட் போட்டு, தாண்டிவிட்டால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஐரோப்பா என்பார்கள். இலுப்பூர் கடைவீதியில் இருபத்தாறு வருஷமாகப் பெயிண்டுக் கடை வைத்திருக்கும் நாகராசு அந்தக் கடிகாரத்தைத் தாண்டிப் போனதில்லை. இந்த வருஷம் அவர் நினைக்காமலே தாண்டிவிட்டார். விராலிமலைப் பக்கம் புதிதாகக் கட்டிய குடியிருப்பு ஒன்றுக்கு முழுப் பெயிண்டும் அவர் கடையிலிருந்துதான் போயிருந்தது.

பங்குனி மாதத்துக் காலை வெயிலில் கம்பெனி ஆள் ராமு லட்டுப் பெட்டியோடு கடைக்குள் நுழைந்தான்.

"அண்ணே, மொதல்ல வாயத் தெறங்க," என்று முழு லட்டை அவர் வாயில் திணித்தான். "மாவட்டத்துல மூணே டீலருதான்ணே. அதுல நீங்க ஒருத்தரு. அண்ணிய ரெடியா இருக்கச் சொல்லுங்க, புரட்டாசில ஃபிளைட்டு."

"எங்கிட்டுக்கு?" என்றார் நாகராசு லட்டுக்கு நடுவில்.

"அத நீங்கதான் சொல்லணும்." ராமு ஒரு படிவத்தை எடுத்துக் கல்லா மேல் விரித்தான். "ரெண்டு ஊரு குடுத்திருக்காங்க. ஒண்ணு வியன்னா, இன்னொண்ணு புடாபெஸ்ட். எது வேணுமோ அதுல டிக் அடிச்சுப் பத்தாந்தேதிக்குள்ள குடுத்துருங்க. ரெண்டும் ஒரே ஆத்தங்கரை ஊருதான்ணே. வியன்னால அரமனை பெருசு, புடாபெஸ்டுல பாலம் அழகுங்கிறாங்க. என்னையக் கேட்டா புடாபெஸ்டுக்குப் போங்க."

ராமுவைக் குறை சொல்ல முடியாது. கரூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. நாகராசுவின் மகன் செம்மல் செத்துப்போனது அந்தப் புடாபெஸ்டில்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் யாரும் ஐந்து வருஷமாக அந்த ஊர்ப் பெயரை அந்தக் கடைக்குள் சொன்னதில்லை. நாகராசுவால் லட்டை விழுங்க முடியவில்லை. கலர் கலக்கும் மிஷினுக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார்.

"வியன்னா," என்றார்.

"அண்ணிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்கண்ணே. ரெண்டு பேரு கையெழுத்தும் வேணும்," என்று சொல்லிவிட்டு ராமு அடுத்த கடைக்குப் போனான்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. மகன் செத்த ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒருவன் டிக்கெட்டோடு வந்து நிற்கிறான், எந்தத் தாய் வேறு ஊருக்குப் போவோம் என்பாள்? பிரகதாம்பாளிடம் படிவத்தைக் காட்டினால் அவள் எதில் டிக் அடிப்பாள் என்று நாகராசுவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் படிவத்தை மடித்துக் கல்லாப் பெட்டிக்கு அடியில் சொருகினார்.

செம்மல் ஒரே பிள்ளை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கொரோனாவுக்கு முந்தின புரட்டாசியில், மேல்படிப்புக்குப் புடாபெஸ்ட் போனான். நாகராசுவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் பத்துக்கு எட்டில் பிளெக்ஸ் வைத்தார். கோட்டுப் போட்ட செம்மல், அவன் தலைக்கு மேல் ஒரு விமானம், பின்னால் ஓர் இரும்புக் கோபுரம். கோபுரம் பாரிசுடையது. பிளெக்ஸ் கடைக்காரனுக்கு ஐரோப்பா என்றால் அது ஒன்றுதான் தெரியும். 'மேற்படிப்புக்காக ஐரோப்பா செல்லும் எங்கள் குலக்கொழுந்தே' என்று எழுதி, கீழே சொந்தக்காரர்கள் முப்பது பேர் தலையையும் வரிசையாக வைத்திருந்தது. செம்மலுக்கு ஒரே கூச்சம். கிளம்புகிற வரைக்கும் பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான்.

போய் நாலு மாதம். காணும் பொங்கலன்று, படிப்புக்கு நடுவே சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்காகச் சைக்கிளில் போனவன், பனி உறைந்து கிடந்த ரோட்டில் சறுக்கி ஒரு பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தான். அவனோடு ஒரே அறையில் இருந்த பிராங்க்ளின்தான் போன் பண்ணிச் சொன்னான். அவனும் குளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைதான், இன்றைக்கும் அங்கேதான் வேலையில் இருக்கிறான். பத்து நாள் கழித்துப் பெட்டி வந்தது. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்கக் கடைக்காரன் புதுப் படம் கேட்கவில்லை, கம்ப்யூட்டரில் பழையதே இருந்தது. அதே கோட்டு, அதே சிரிப்பு. ஒரு பகல் முழுக்க இரண்டு பிளெக்ஸும் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிராக நின்றன. சாயங்காலம் யாரோ பழையதைக் கழற்றிச் சுருட்டிக் கடையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். நாகராசு அதைத் தூக்கிப் போடவும் இல்லை, விரித்துப் பார்க்கவும் இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த குடோனில், கூரை ஒழுகும் மூலையில், சுவரில் பூசும் புட்டி மூட்டைகளுக்கு மேல் படம் அடியில் இருக்கும்படி போர்த்திவிட்டார். பார்ப்பவர்களுக்கு அது வெறும் வெள்ளை விரிப்பு.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் ரோட்டில் அடிபட்டுச் செத்தவர்களை எரித்துக் காரியம் செய்துவிட்டால் மட்டும் போதாது. போய்க் கூப்பிட்டு வர வேண்டும். விழுந்த இடத்தில் தேங்காய் உடைத்து, பேரைச் சொல்லி, 'வா, வீட்டுக்குப் போவோம்' என்று மூன்று தடவை கூப்பிட்டு, அங்கே ஒரு பிடி மண்ணெடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஊர் வந்து, வயல் மேட்டு வேப்பமரத்தடியில் அந்த மண்ணைப் போட வேண்டும். அதுவரைக்கும் செத்தவருக்கு வழி தெரியாது, விழுந்த இடத்திலேயே போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்பது நம்பிக்கை. யார் வேண்டுமானாலும் கூப்பிட முடியாது. உயிரோடு இருந்தபோது யார் சொன்னால் அந்த ஆள் கேட்பாரோ, அவர்தான் கூப்பிட வேண்டும். நாகராசுவின் அண்ணன் அடைக்கலம் திருச்சி ரோட்டில் லாரி மோதிச் செத்தபோது அவர்களுடைய அப்பாதான் போய்க் கூப்பிட்டார்.

செம்மலை யாரும் போய்க் கூப்பிடவில்லை. முதல் இரண்டு வருஷம் கொரோனா. அப்புறம் விசா கிடைக்காது என்றார் நாகராசு. அப்புறம் முழங்கால் வலி என்றார். சாக்குச் சொல்ல நினைத்தவனுக்கு என்ன குறை? மகன் பட்டம் வாங்கும்போது போய்ப் பார்ப்பதற்கென்று, அவன் கிளம்பின வாரமே எடுத்த இரண்டு பாஸ்போர்ட்டும் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடந்தன.

உண்மையான காரணம் வேறு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் வைகுண்ட ஏகாதசி பொங்கலுக்கு ஒன்பது நாள் முந்தி வந்தது. பெயிண்டுக் கடைக்காரனுக்கு வருஷத்தில் அந்த நாட்கள்தான் நாட்கள். அன்றைக்குக் கடைக்கு முன்னால் ஆள் நிற்க இடமில்லை. காலை பதினோரு மணிக்குச் செம்மல் போன் பண்ணினான்.

"அப்பா, நான் வந்துரட்டுமா?"

"பொங்கலுக்கா?"

"இல்லப்பா, மொத்தமா. எனக்கு இங்க முடியலப்பா."

கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு தான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் நாகராசுவுக்கு ஞாபகம் இருக்கிறது. "போயி நாலு மாசம் ஆகலடா. பஸ் ஸ்டாண்டுல ஒம் பிளெக்ஸு இன்னும் கிழியல. அதுக்குக் கீழ என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து எறங்குவ? வராத. இருந்து படி." பெயிண்ட் வாங்க நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் அவருக்கும் கொஞ்சம் சந்தோஷம்தான், அதையும் சொல்லியாக வேண்டும். செம்மல் "சரிப்பா" என்று போனை வைத்தான். ஏன் முடியவில்லை, என்ன முடியவில்லை என்று அவர் கேட்கவில்லை. மிஷினில் ஒரு வாளி இளம்பச்சை கலந்துகொண்டிருந்தது, அதைக் கவனிக்கப் போய்விட்டார். பதினோராம் நாள் பிள்ளை செத்துப்போனான்.

வராதே என்று சொன்ன வாயால் அந்த ரோட்டோரத்தில் நின்று வா என்று எப்படிக் கூப்பிடுவார்? அது ஒன்று. இன்னொன்று பிராங்க்ளின். செம்மல் போன் பேசியபோது அறையில் இருந்தவன். இடத்தைக் காட்ட அவன்தான் வருவான். வந்த இடத்தில் பிரகதாம்பாளிடம், 'அன்னைக்கே அங்கிள்கிட்ட கேட்டான் ஆன்ட்டி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அதற்கப்புறம் அவள் கையால் ஒரு வாய் சோறு எப்படி இறங்கும்? இந்தப் பயத்தோடுதான் நாகராசு ஐந்து வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

படிவம் மூன்று நாள் கல்லாவுக்கு அடியில் கிடந்தது. வியன்னாவுக்கு ஆதரவாக அவர் ஒவ்வொரு காரணமாகச் சேர்த்தார். அங்கே அரண்மனை இருக்கிறது. புடாபெஸ்டில் நம் சாப்பாடு கிடைக்காது. அதையும் இதையும் பார்த்தால் உனக்குப் பிரஷர் ஏறிவிடும். கடைசிக் காரணம்தான் கொஞ்சம் நிற்கும்போல இருந்தது. அதைச் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ராமு, டீலர்கள் வாட்சப்பில் நாகராசுவுக்கு மாலை போட்ட படத்தோடு, இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்துச் செய்தியைப் போட்டுவிட்டான். அது எப்படி எப்படியோ சுற்றி அரிமளம் வரைக்கும் போய், நாலாம் நாள் காலையில் நாகராசுவின் அக்கா ராசாத்தி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டார்.

"தம்பி, ஆத்தா கண்ணத் தெறந்துட்டா," என்று ராசாத்தி நாற்காலியில் உட்காருமுன்பே ஆரம்பித்தார். "இதுகளாப் போகாதுகன்னு அவளே டிக்கெட் எடுத்துக் குடுத்துருக்கா. போயி எம் மருமகனக் கூட்டிட்டு வாங்க. அஞ்சு வருசமாப் பனியில நிக்கிது புள்ள. இங்க மார்கழிக் குளுருக்கே தாங்காதே அதுக்கு. அந்தக் குளத்தூருப் பய அங்கதான இருக்கான், எடத்தக் காட்டுவான்ல?"

நாகராசு மின்விசிறியைப் பார்த்தார். சேர்த்து வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. பிரகதாம்பாள் அடுப்படியிலிருந்து காப்பி கொண்டுவந்து அண்ணி முன்னால் வைத்தாள்.

"நாங்க வியன்னாவுக்குப் போறோம் அண்ணி," என்றாள்.

"எங்கிட்டுப் போறீக?"

"வியன்னா. அதுதான் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. அந்த ஊரு வேணாம்."

நாகராசு விசிறியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்த ஒரு சொல்லில் இறங்கிவிட்டது. அந்த ஊர் வேணாம். அவளே சொல்லிவிட்டாள். அவர் கேட்கவே இல்லை.

ராசாத்தி எழுந்து நின்றுவிட்டார். "ஏண்டி, பெத்தவதானா நீ? மகன அநாதையா ரோட்டுல நிக்க வச்சிட்டு அரமனை பாக்கப் போறியா? பக்கத்து ஊரு வரைக்கும் போவாளாம், அங்க மட்டும் போக மாட்டாளாம். தம்பி, நீயாச்சும் சொல்லு."

அந்த இடத்தில் நாகராசு ஒரு காரியம் செய்தார். நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர் வாங்கிய ஆள் செய்யக்கூடாத காரியம். "நான் என்னக்கா செய்ய? பெத்தவளே வேணாங்கிறப்ப," என்றார். தப்பித்த சந்தோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிரகதாம்பாள் அவரை ஒரு தடவை பார்த்தாள். ராசாத்தி காப்பியைத் தொடாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ராசாத்தி சும்மா போகிற ஆளா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் போனார். இரண்டு நாளில் பூக்காரி பிரகதாம்பாளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்து மளிகைக் கடைக்காரர் நாகராசுவிடம், "பொம்பளைக்கு இம்புட்டு நெஞ்சழுத்தம் ஆகாதுண்ணே," என்று ஆறுதல் சொன்னார். நாகராசு தலையை ஆட்டினார். அது மட்டுமா, உள்ளுக்குள் அவருக்கே அவள்மேல் கோபம் வர ஆரம்பித்தது. தான் சொல்ல வேண்டிய பொய்யை அவள் எதற்காகச் சொன்னாள்? இவளுக்குமா அந்த இடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை? தோன்றாமல் எப்படி இருக்கும்? பத்து மாதம் சுமந்தவள்தானே? யோசிக்க யோசிக்க அந்தக் கோபம் அவருக்கு வசதியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசாமல் திரிந்தார்.

ஒன்பதாம் தேதி மத்தியானம் பிரகதாம்பாளே டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். வழக்கமாக யாரிடமாவது கொடுத்துவிடுவாள். நாகராசு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாப்பிடக் குடோனுக்குள் போனார். அவள் ஒரு கவிழ்த்த வாளிமேல் இலையைப் போட்டுச் சோறு வைத்தாள்.

"நாளைக்குக் கடைசி நாளாமே. ராமு போன் பண்ணுனாரு. எங்க கையெழுத்துப் போடணும்?"

அவர் கல்லாவுக்குப் போய்ப் படிவத்தை எடுத்துவந்து அவள் மடியில் போட்டார். போட்ட வேகத்தில் கோபம் இருந்தது. "போடு. வியன்னாவுலயே போடு. ஆனா ஒண்ணு கேக்குறேன் பிரகதா. அவன் விழுந்த எடத்த ஒரு தடவ பாக்கணும்னு ஒனக்குத் தோணவே இல்லையா?"

பிரகதாம்பாள் கையில் எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள். "தோணாத நாள் கெடையாதுங்க."

"அப்பறம் என்ன?"

"அங்க போயி நிக்க எனக்கு யோக்கியத இல்ல." பிறகு, வீட்டிலேயே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தவள் மாதிரி, ஒரே மூச்சில் சொன்னாள். "அவன் எனக்குப் போன் பண்ணுனான். வைகுண்ட ஏகாதசி அன்னைக்கி. வெரதம் இருந்துட்டு, கோயிலுக்குப் போயிட்டு வந்து படுத்திருக்கேன், மூணு மணி இருக்கும். 'அம்மா, நான் வந்துரட்டுமா'ன்னான். அப்பாகிட்ட கேட்டியான்னேன். 'இல்லம்மா, கேக்கல, கேக்கப் பயமா இருக்கு'ன்னான். அப்பவாச்சும், கெளம்பி வாடா, அப்பாவ நான் பாத்துக்கிறேன்னு சொல்லிருக்கணும்ல? சொல்லலைங்க. நீங்க அந்தப் பிளெக்ஸ வச்சிட்டுச் சந்தோசமாத் திரிஞ்சீங்க. கேட்டா ஒடஞ்சு போயிருவீங்கன்னு நெனச்சேன். 'அப்பா காதுக்கு இது போக வேணாம் சாமி, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்து முடிச்சிட்டு வா'ன்னுட்டேன். பதினோரு நாள்தான். வராதன்னு சொன்னவ நானு. நான் போயி எப்படிக் கூப்புடுவேன்? கூப்புட்டா வருவானா?"

நாகராசு கையில் சோற்றை எடுத்தவர் எடுத்தபடி இருந்தார்.

"அந்தப் பிராங்க்ளினு ரூமுலதான் இருந்தான். அங்க போனா ஒங்ககிட்ட சொல்லிருவான்னு பயந்துதான் வியன்னான்னேன். அண்ணி பேசுனதெல்லாம் எனக்கு ஒறைக்கலைங்க. அதுக்கு மேலயும் பேசலாம் என்னய. ஒங்ககிட்ட மட்டும் அவன் கேட்டிருந்தா நீங்க வரச் சொல்லிருப்பீங்க. கேக்க விடாமப் பண்ணுனது நான்தான்."

வைகுண்ட ஏகாதசி. நாகராசுவுக்கு அந்த நாள் தப்பாது. அன்றைக்கு அவள் விரதம், வீட்டில் உலை வைக்கவில்லை, மத்தியானம் அவர் ஓட்டலில் சாப்பிட்டார். காலை பதினோரு மணிக்கு அவர் வராதே என்றார். மூன்று மணிக்குச் செம்மல் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான். அப்பாகிட்ட கேட்டியா என்று அவள் கேட்டபோது, கேட்டேன், வராதேன்னு சொல்லிட்டார் என்று சொல்ல அவனுக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. அதைச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டாவது அவனை வரவழைத்திருப்பாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல், கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். தனக்கு இருந்த கடைசி வழியை அந்தப் பிள்ளை அப்பாவுக்காக அடைத்துக்கொண்டிருக்கிறான்.

சும்மா இருந்தால் போதும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. 'விடு பிரகதா, நீ என்ன செய்வ' என்று ஒரு வார்த்தை சொல்லி அவள் தோளைத் தட்டினால், நடந்தது முழுவதும் அவளுடையதாகிவிடும். ஐந்து வருஷமாக எதற்குப் பயந்தாரோ அது இனிமேல் வராது. அவர் வாயைத் திறக்கவும் செய்தார். 'விடு' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்புடுங்க, சோறு ஆறிப் போகுது," என்றாள்.

நாகராசு எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. மூலைக்குப் போய், புட்டி மூட்டைகளின்மேல் கிடந்த விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் தரையில் புரட்டிப் போட்டார். புட்டித்தூள் புகையாக எழுந்து அடங்கியது. கோட்டுப் போட்டுக்கொண்டு செம்மல் சிரித்தான்.

"எங்கிட்ட கேட்டான் பிரகதா," என்றார். "மொத எங்கிட்டதான் கேட்டான். அன்னைக்கிக் காலைல பதினோரு மணிக்கு. கடையில கூட்டத்துல நின்னுக்கிட்டு, இந்தப் பிளெக்ஸச் சொல்லிக் காட்டித்தான் வராதன்னேன். ரெண்டு பேரு சிரிச்சாங்க. அதுக்கப்பறந்தான் ஒன்னயக் கூப்புட்டுருக்கான்."

பிரகதாம்பாளுக்கு உடனே விளங்கவில்லை. "கேக்கலன்னு சொன்னானே?"

"எம்மேல நீ கோவப்படக் கூடாதுன்னு சொல்லிருக்கான்."

அவள் எழுந்து வந்து அவர் நெஞ்சில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். முப்பது வருஷத்தில் அவள் அவரை நோக்கிக் கை நீட்டினது அதுதான் முதல் தடவை. "அஞ்சு வருசம்," என்றாள். "அஞ்சு வருசமா ஒங்க பக்கத்துலதான படுத்துக் கெடந்தேன்? நாந்தான் கொன்னேன், நாந்தான் கொன்னேன்னு ஒத்தையில செத்தேனே. ஒரு வார்த்த சொல்லிருந்தா ரெண்டு பேரும் சேந்தாச்சும் அழுதுருக்கலாமேங்க. அன்னைக்கி அண்ணி முன்னாடி, பெத்தவளே வேணாங்கிறான்னு சொன்னீங்களே, எப்படிங்க சொன்னீங்க? எப்படிச் சொல்ல மனசு வந்துச்சு?"

அவள் இன்னும் இரண்டு அடி அடித்திருந்தால்கூட அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெட்டி வந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை, ஊரே அதைச் சொல்லி ஆச்சரியப்பட்டது. அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் போகப் பயமாக இருந்தது. வெளியே யாரோ வந்து ஷட்டரைத் தட்டி, பிரைமர் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசியில் பிரகதாம்பாள் நகர்ந்துபோய், முந்தானையால் படத்தின் மேல் இருந்த தூளைத் துடைத்தாள். நெற்றி, கண், மீசை சரியாக முளைக்காத மேலுதடு. கோட்டையும் விமானத்தையும் துடைக்கவில்லை, முகத்தை மட்டும் துடைத்தாள்.

"அதுல புடாபெஸ்டுன்னு போடுங்க," என்றாள்.

அவர் படிவத்தை எடுத்தார். பேனா எங்கே என்று தேடி எடுத்து, அந்தப் பெயருக்கு நேரே டிக் அடித்தார். சாம்பார் பட்ட விரல் தாளில் பதிந்தது. கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். அவளும் போட்டாள்.

"போயி யாரு கூப்புடுறது?" என்று நாகராசு கேட்டார். "யாரு பேச்சக் கேப்பாங்களோ அவங்கதான் கூப்புடணும்பாங்க. நாம எந்த மூஞ்சியோட போயி..."

"அவன் எப்பங்க நம்ம பேச்சக் கேக்காம இருந்தான்?" என்றாள் பிரகதாம்பாள். "வராதன்னோம், வரல. வான்னா வந்துருவான்."

அவர் மறுபடியும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்து விலக்கினாள். அதில் பிரியம் இருந்ததா என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிடி மட்டும் இறுக்கமாக இருந்தது.

"மொத ஒங்ககிட்டதான் கேட்டான். நீங்கதான் மொதக் கூப்புடணும். அங்க போயி வாய் வராம நிக்கக் கூடாது. இங்கயே ஒரு தடவ சொல்லிப் பாருங்க."

நாகராசு தரையில் கிடந்த மகனைப் பார்த்தார். "செம்மலு," என்றார். அதற்குமேல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, "செம்மலு, வாப்பா," என்றார். உதடுதான் அசைந்தது. அவள் கையை விடவில்லை, காத்திருந்தாள். மூன்றாவது தடவைதான் சத்தம் வந்தது.

"வந்துருப்பா செம்மலு," என்றார். "வீட்டுக்குப் போவோம்."